செங்கல்லாகிப் போன ரவுட்டரை எழுப்பலாமா?

ரவுட்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விடுகிறது. திரும்பி வந்ததும் ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிகிறது. அல்லது எல்லா விளக்குகளும் சில விநாடிகளுக்கு ஒருமுறை மின்னி மின்னி அணைகின்றன. வைஃபையின் பெயரே கைப்பேசியில் தெரிவதில்லை. இந்த நிலையில் உள்ள கருவியைக் கணினித் துறையினர் 'செங்கல்' என்பார்கள். கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் உதவும் என்ற கிண்டல் அதில் இருக்கிறது. ஆனால், செங்கல் என்று குப்பைக்குப் போகும் ரவுட்டர்களில் பல, உண்மையில் சாகாதவை.

காரணம், அதன் நினைவகம் பிரிக்கப்பட்டிருக்கும் முறை. நம் நாட்டு வீடுகளில் பார்க்கக்கூடிய டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டரின் இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 16 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகம் உண்டு. அதன் முதல் 128 கிலோபைட்டில் 'பூட்லோடர்' என்னும் சிறிய நிரல் இருக்கிறது. மொத்த இடத்தில் அது 128-இல் ஒரு பங்குதான். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது இதுவே. பிறகு இது பெரிய ஃபர்ம்வேரைத் தேடி எழுப்பிவிடும். நினைவகத்தின் கடைசி 64 கிலோபைட்டில், அந்த ஒரு கருவிக்கென்றே தொழிற்சாலையில் அளந்து எழுதிய வைஃபை அளவீடுகள் இருக்கின்றன. வழக்கமான புதுப்பிப்பு நடுவில் உள்ள பெரிய பகுதியை மட்டுமே மாற்றும். எனவே, பாதியில் கெட்டுப்போவதும் அந்தப் பகுதிதான்.

மின்தடை ஏன் இவ்வளவு சேதம் செய்கிறது? ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர். காப்புப்பொருளால் சூழப்பட்ட ஒரு மிதக்கும் வாயிலுக்குள் எலக்ட்ரான்களைச் சிறைவைத்தால் அது 0. வெளியேற்றிவிட்டால் 1. மின்சாரம் இல்லாவிட்டாலும் எலக்ட்ரான்கள் தப்ப முடியாது என்பதால் தகவல் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும். சிக்கல் என்னவென்றால், 1-ஐ 0 ஆக்குவதைத் தனித்தனியாகச் செய்யலாம். 0-வை மீண்டும் 1 ஆக்க ஒரு தொகுதி முழுவதையும் ஒரே அடியாக அழிக்க வேண்டும். சி7-இல் ஒரு தொகுதி 64 கிலோபைட். கரும்பலகையில் ஒரு சொல்லைத் திருத்த, பலகை முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது போன்றது இது. துடைத்த பிறகு, எழுதுவதற்கு முன் விளக்கு அணைந்தால் பழைய பாடமும் இல்லை, புதிய பாடமும் இல்லை.

பெரும்பாலான ரவுட்டர்கள் நீங்கள் அனுப்பும் கோப்பை முதலில் தற்காலிக நினைவகத்தில் வாங்கி, சரிபார்த்த பிறகே அழிக்கத் தொடங்கும். அதனால் பதிவிறக்கத்தில் சிதைந்த கோப்பைவிட, எழுதும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் வரும் மின்தடையே பெரிய எதிரி. மாலையில் இடிமழை கட்டி நிற்கும்போது புதுப்பிப்பைத் தொடாதீர்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வது இதனால்தான். எங்கள் தாமானில் அப்படித்தான் ஒரு வீட்டில் நடந்தது. கைப்பேசியில் கூய் ஆர்டர் எடுத்துப் பிழைக்கும் அந்த அக்காவுக்கு, கடைக்காரர் புதிய ரவுட்டர் வாங்கச் சொல்லிவிட்டார். விளக்குகள் சுழற்சியாக மின்னிக்கொண்டிருந்தன. அதுவே நல்ல அறிகுறி: பூட்லோடர் விழித்து, ஃபர்ம்வேரைத் தூக்கப் பார்த்து, முடியாமல் மீண்டும் தொடங்குகிறது. எந்த விளக்குமே எரியாவிட்டால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள்.

சி7-ஐ மீட்க ஒரு கணினியும் ஒரு லேன் கம்பியும் போதும். பூட்லோடருக்கு வைஃபை தெரியாது, இணையப் பக்கம் காட்டத் தெரியாது. அதற்குத் தெரிந்தது 'டிஎஃப்டிபி' என்னும் மிக எளிய கோப்புப் பரிமாற்ற முறை. 1981-ஆம் ஆண்டிலேயே அதன் விதிமுறைகள் வெளியாகிவிட்டன. 512 பைட் அனுப்பு, 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திரு, அடுத்த 512 பைட் அனுப்பு. அவ்வளவுதான். சின்னஞ்சிறு நிரலுக்குள் அடங்கும் என்பதே அதன் பெருமை.

வேறொரு இணைப்பில், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து ஃபர்ம்வேரைப் பதிவிறக்கி விரித்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் அடியில் உள்ள ஒட்டுத்தாளில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். சி7-இல் பல பதிப்புகள் உண்டு, ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்கு ஆகாது. கோப்பின் பெயரில் 'பூட்' என்ற சொல் இருந்தால் அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதில் பூட்லோடரும் சேர்ந்திருக்கும். அந்தச் சொல் இல்லாத கோப்பைத் தேடி எடுங்கள்.

பிறகு கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, கம்பி இணைப்புக்கு 192.168.0.66 என்ற நிலையான முகவரியைக் கொடுங்கள். டிஎஃப்டிபி64 போன்ற இலவச நிரலைத் திறந்து, கோப்பு உள்ள அடைவைக் காட்டுங்கள். தீச்சுவர் கேள்வி கேட்டால் அனுமதியுங்கள். இங்கேதான் பலர் தோற்கிறார்கள். அணைத்த ரவுட்டரின் லேன் துளையில் கம்பியைச் செருகி, ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரத்தைப் போடுங்கள். டபிள்யூபிஎஸ் விளக்கு எரியும்வரை விரலை எடுக்க வேண்டாம். இப்போது ரவுட்டரே ஒரு குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைக் கேட்கும். அந்தப் பெயர் நிரலின் பதிவுப் பட்டியலில் தெரியும். உங்கள் கோப்புக்கு அதே பெயரை, பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல் வைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். 16 மெகாபைட் கோப்பு என்றால் 32,768 துண்டுகள். ஆனாலும் விரைவில் போய்ச் சேர்ந்துவிடும். நேரம் பிடிப்பது ஃபிளாஷில் எழுதும் வேலைக்குத்தான். ஐந்து நிமிடமாவது கைவைக்காமல் விடுங்கள்.

ரவுட்டர் எதையுமே கேட்கவில்லையா? ரவுட்டரை அணைத்துப் போடும்போது கணினியின் கம்பி இணைப்பும் அறுந்து, மீண்டும் விழிக்கச் சில விநாடி ஆகிறது. பூட்லோடர் அதற்குள் கேட்டுவிட்டுப் போய்விடும். நடுவில் ஒரு சாதாரண சுவிட்ச் பெட்டியை வைத்தால் கணினியின் இணைப்பு அறாது.

எல்லா நிறுவனங்களும் ஒரே வழியில் போவதில்லை. ஏசஸ் ரவுட்டர்களில் நாம்தான் கோப்பை அனுப்ப வேண்டும். அதற்கென்றே ஒரு மீட்பு நிரலை நிறுவனம் தருகிறது. லிங்க்சிஸின் சில மாடல்கள் ஃபர்ம்வேரின் இரண்டு பிரதிகளை வைத்திருக்கும். தொடக்கத்திலேயே மூன்று முறை அணைத்துப் போட்டால் மற்றப் பிரதிக்கு மாறிவிடும். இணையச் சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டரை நீங்கள் தொட வேண்டாம், அவர்களை அழையுங்கள். பூட்லோடரே அழிந்திருந்தால், பெட்டியைத் திறந்து சில்லில் நேரடியாக எழுத வேண்டும். அப்போதும் இன்னொருவரின் ரவுட்டரிலிருந்து எடுத்த முழுப் பிரதியை எழுதாதீர்கள். கடைசி 64 கிலோபைட்டில் உள்ள உங்கள் கருவியின் அளவீடுகள் போய்விடும்.

மீண்ட ரவுட்டர் பெரும்பாலும் எல்லாவற்றையும் மறந்திருக்கும். வைஃபை வந்தும் இணையம் வராவிட்டால் மீட்பு தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். யூனிஃபை இணைப்பு என்றால், பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மறுபடியும் உள்ளிட வேண்டும். இணையத்துக்கான விலேன் எண் 500-ம் தேவை. டிபி-லிங்கில் ஐபிடிவி பகுதிக்குள் மலேசியா-யூனிஃபை என்ற தேர்வு இருந்தால், அதை அழுத்தினால் அந்த எண் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.