பீடியைப் பற்றி எப்படிக் கேட்பது?



மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்துவிட்டு, ஆறாத இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிற ஆண்களில் பலருடைய மடியில் ஒரு கட்டு பீடி இருக்கும். சிகரெட்டைவிட பீடி லேசானது என்று இரும்பைப் பக்கத்தில் இன்றும் நம்புகிறார்கள். உண்மை வேறு. அணைந்துவிடாதபடி பீடியை அடிக்கடி இழுக்க வேண்டும். ஆகவே புகையிலை குறைவாயிருந்தாலும் உள்ளே போகும் விஷம் குறைவதில்லை.

இதனால் நேர்வது என்ன என்பதை நம் விழுப்புரம் மாவட்டமே உலகத்துக்குக் காட்டியது. டாக்டர் கஜலட்சுமியும் அவருடன் உழைத்தவர்களும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களைப் பற்றி அவர்கள் வீட்டாரிடம் விசாரித்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. புகைபிடிப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. காசநோயால் மரித்த ஆண்களில் சுமார் பாதிப்பேரின் மரணத்துக்குப் புகையே காரணம்.

இது தெரியாத டாக்டரோ நர்ஸோ இல்லை. ஆனாலும் ஓ.பி. சீட்டில் ‘புகைபிடிப்பவர்’ என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறோம். அல்லது வார்டே கேட்கும்படி திட்டுகிறோம். இரண்டினாலும் யாரும் பீடியை விடுவதில்லை. அதனால்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது.

பயிற்சியின் முதல் பாடம், கேட்கும் விதம். மனைவியும் மாமனாரும் நிற்கும்போது “பீடி பிடிப்பீங்களா?” என்றால், “இல்லீங்க” என்றே பதில் வரும். (போதகர் கையில் வேதபுத்தகத்தோடு கேட்டால் சொல்லவே வேண்டாம்!) தனியே அழைத்து, “அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை கட்டு ஆகுது? காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடி?” என்று கேட்டால் மனிதர் மெய்யைச் சொல்லுகிறார். இரண்டாவது கேள்வி வெறும் பேச்சல்ல. எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவரை நிக்கோட்டின் இறுகப் பிடித்திருக்கிறது. அவருக்குப் புத்திமதி மட்டும் போதாது, நிக்கோட்டின் சூயிங்கம் போன்ற மருந்துதவியும் தேவைப்படலாம்.

அடுத்து, அவருடைய நோயோடு சேர்த்து ஒரே வாக்கியத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிறகு நிறுத்தும் நாளை அவரையே குறிக்கச் சொல்ல வேண்டும். கூலி கைக்கு வரும் நாள் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதல் சில நாட்கள் கோபமும் தூக்கமின்மையும் வாட்டும், இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும் என்பதை மனைவிக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் “நீ பேசாம பீடியே பிடி” என்று அவரே பெட்டிக்கடைக்கு அனுப்பிவிடுவார். பீடியை விட்டு வாயில் புகையிலை அடக்கத் தொடங்கினால் அது விட்டதாகாது.

காசநோயாளிகளிடம் இன்னொரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். நோய் என்று தெரிந்ததும் பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். மருந்து வேலைசெய்து இருமல் அடங்கியதும் திரும்பவும் பீடி கைக்கு வருகிறது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீடிக்கும். அத்தனை முறை மருந்து வாங்க வருகிறவரிடம் அத்தனை முறையும் கேட்கலாமே! காசநோய்த் திட்டமும் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டமும் இணைந்து செயல்படுவதற்கான வழிமுறையை மத்திய அரசு 2017-இல் வகுத்ததும் இதற்காகத்தான்.

பலன் எவ்வளவு என்று நீங்கள் கேட்பது நியாயம். தாங்களாகவே விடுகிறவர்கள் ஓராண்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். டாக்டர் சுருக்கமாகச் சொன்னால் இன்னும் ஒருவர் முதல் மூவர்வரை கூடுகிறார்கள். அற்பமாகத் தோன்றும். ஆனால் வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னால் ஓர் ஆண்டில் எத்தனை குடும்பங்கள் என்று எண்ணிப் பாருங்கள். இதற்குக் கட்டடம் வேண்டாம், கல்வெட்டும் வைக்க முடியாது. நர்ஸுகளும் வார்டு உதவியாளர்களும் ஒருவர் நோயாளியாக, ஒருவர் ஊழியராக நடித்துப் பழகச் சில பிற்பகல்கள் வேண்டும். அந்நேரம் வார்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆட்கள் வேண்டும். உங்கள் காணிக்கை அங்கே செல்லுகிறது.

உங்கள் சபை அறிவிப்புப் பலகையில் 1800-11-2356 என்ற எண்ணை எழுதிவையுங்கள். புகையிலையை விட விரும்புவோருக்கான தேசிய இலவசத் தொலைபேசி அது. 2016 முதல் நடக்கிறது, தமிழிலும் பேசலாம். பலகையை வாசற்படிக்கு அருகில் அல்ல, பின்பக்கம் மாட்டுங்கள். யாரும் பார்க்காதபோது குறித்துக்கொள்ளட்டும்.