பழைய பட்டாள லொறிக்கு ஒயில் பேன் கேஸ்கட் மாற்றுவது

பெட்போர்ட் லொறி என்றால் நம் தோட்டங்களில் வயதானவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் பட்டாளத்துக்கென்று ஏறத்தாழ 250,000 பெட்போர்ட் லொறிகள் செய்யப்பட்டன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட திருகோணமலைத் துறைமுகம், 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. அந்தக் காலத்து லொறி இன்று யார் கையில் இருந்தாலும், முதலில் வரும் தொந்தரவு எஞ்சின் அடியில் ஒயில் சொட்டுவதுதான். கவனிக்காமல் விட்டால் ஒயில் வற்றி, பெயாரிங் உருகி, எஞ்சினே பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் பாரத்தோடு அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று மலைநாட்டில் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கழற்றுவதற்கு முன் ஒயில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேலே ராக்கர் கவரில் கசிவதும் வழிந்து பேனுக்குத்தான் வரும். மண்ணெண்ணெயால் அழுக்கைக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் முகப்பவுடரைத் தூவி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட விடுங்கள். ஈரம் தொடங்கும் இடம் பளிச்சென்று தெரியும்.

லொறியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். உயர்த்தினால் ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. உறுதியான மரக்குற்றிகளை அண்டை கொடுக்க வேண்டும். ஒயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்துவிடுங்கள். போல்ட்டுகளைக் கழற்றும்போது மூலைக்கு ஒன்றை விட்டுவைத்து, ஒருவர் பேனைத் தாங்கிக்கொள்ள, அவற்றைக் கடைசியாக எடுங்கள்.

பேனுக்குள் கிடக்கும் சேற்றை உடனே கொட்டாதீர்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள். மினுங்கும் தூள் நிறைய இருந்தால் பெயாரிங் தேய்கிறது என்று அர்த்தம். அப்போது கேஸ்கட் மாற்றி மட்டும் பயனில்லை. ஒயில் உறிஞ்சும் வலையையும் இப்போதே கழுவிவிடுங்கள்.

இலங்கைத்துறை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று தகட்டுப் பேனை அரித்துவிடும். மலையில் ஈரச்சேறு அதே வேலையைச் செய்யும். துருவைச் சுரண்டி, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இனி முக்கியமான இடம். "நல்லா இறுக்கினாத்தான் கசியாது" என்று பலரும் சொல்வார்கள். எங்கள் அபிப்பிராயத்தில், திரும்பத் திரும்ப ஒயில் கசிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இறுக்க இறுக்க போல்ட் துளையைச் சுற்றித் தகடு மேல்நோக்கிக் குவிந்துவிடும். துளைகளுக்கு நடுவில் இடைவெளி விழும். விளிம்பைக் கட்டையின் மேல் வைத்து, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமமாக்குங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு விலையுள்ள கேஸ்கட் போட்டாலும் வீண்.

பழைய எஞ்சின்களுக்குத் தக்கையால் செய்த கேஸ்கட்தான் வழக்கம். அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்தது சுருங்கித் துளைகளோடு பொருந்தாது. தண்ணீரில் ஊறவைத்தால் மீண்டும் நீளும். அதை மெல்லிய கிரீஸால் பேனில் ஒட்டி, பேனை ஏற்றுங்கள். எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் பிடிக்கவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இங்கொன்று அங்கொன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். தக்கை விளிம்பில் லேசாகப் பிதுங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். புது ஒயில் ஊற்றி ஓட்டியபின், எஞ்சின் ஆறியதும் இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் சற்றே இறுக்கினால் போதும்.

வடித்த ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள், அது பீலித் தண்ணீரில் போய்ச் சேரும். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள். அது தோலுக்கும் கெடுதி. வேலை முடிந்ததும், பிள்ளைகளைத் தூக்குமுன், சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள்.