நாடியின் அதிர்வும் மூளையின் தளர்வும்

எழுபது வயதைக் கடந்த ஒருவரின் காலடிகள் குறுகுகின்றன. திரும்பும்போது உடல் தடுமாறுகிறது. விடை தெரிந்திருந்தும் அதைச் சொல்ல நேரம் பிடிக்கிறது. ‘வயதாகிவிட்டது’ என்னும் ஒரு சொல்லில் குடும்பத்தார் இவற்றைக் கடந்துவிடுவர். ஆனால், மூளையின் ஆழத்திலுள்ள மெல்லிய இரத்தக்குழாய்கள் பல்லாண்டுகளாகச் சிதைந்து வந்ததன் அடையாளங்களாகவும் இவை இருக்கக்கூடும். மருத்துவர் இதனை மூளையின் சிறுகுழாய் நோய் என்பர். அச்சிதைவின் தொடக்கத்தை ஆய்வாளர் பலர் இன்று மார்பில் தேடுகின்றனர்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வெறும் குழாயன்று. இதயம் சுருங்கும்போது அது விரிந்து, வரும் இரத்தத்தில் ஒரு பகுதியைத் தன்னிடம் தேக்குகிறது. இதயம் ஓயும்போது தான் சுருங்கி, தேக்கியதை முன்தள்ளுகிறது. அதனால் விட்டுவிட்டு வரும் இரத்தம் இடையறாத ஓட்டமாகிறது. கைவிசையால் இயங்கிய அக்காலத் தீயணைப்பு எந்திரத்தின் காற்றறையும் இப்பணியையே செய்தது. இவ்வொப்புமையை 1733ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார்.

இந்த நெகிழ்ச்சியைத் தருவது எலாஸ்டின் என்னும் புரத இழை. இளமையில் உருவாகும் இவ்விழை பின்னர்ப் பெரிதும் புதுப்பிக்கப்படுவதில்லை. இதயமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. எழுபது ஆண்டில் அது 250 கோடியை எட்டும். இழைகள் நைந்து அறுகின்றன. விறைப்பான கொலாஜன் சுமையை ஏற்கிறது, சுண்ணச்சத்தும் படிகிறது. இது தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிவதினின்றும் வேறானது. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் இவ்விறுக்கத்தை விரைவுபடுத்தும். நாடி அலை பரவும் வேகம் இளையோரின் பெருந்தமனியில் நொடிக்கு 5 முதல் 6 மீட்டர். 10 மீட்டரைத் தாண்டினால் தமனி இறுகிவிட்டது எனக் கொள்வர்.

உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை, இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏழில் ஒரு பங்கைப் பெறுகிறது. அவ்வளவு இரத்தம் தடையின்றிப் பாய வேண்டியிருப்பதால், பெருந்தமனியில் தணியாத அதிர்வும் அதனுடனேயே உள்ளே நுழைகிறது. சிறுநீரகத்தின் நிலையும் இதுவே. ஓயாத அடியைத் தாங்கும் சிறுதமனிகளின் சுவர் தடித்து, உட்குழி குறுகுகிறது. சில இடங்களில் மூளைத்திசு மடிந்து நுண்பள்ளங்கள் தோன்றும். சில இடங்களில் இரத்தம் கசியும். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெண்பொருளில் திட்டுகள் தெரியும். மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் பாதைகள் அமைந்த இடம் வெண்பொருள். எனவேதான் நினைவு அழியுமுன்னரே சிந்தனையின் விரைவும் நடையும் குன்றுகின்றன.

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகர முதியோரிடம் நிகழ்ந்த ஆய்வு, தமனி இறுகியவர்களிடம் இத்தகைய சிதைவுகள் மிகுந்திருப்பதை 2011இல் காட்டியது. இரண்டும் சேர்ந்திருப்பதாலேயே ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்றாகிவிடாது. மூப்பும் உயர் அழுத்தமும் இரண்டுக்கும் பொதுவான வேராகலாம். இவ்வையம் நியாயமானதே. ஆயினும், அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று துணைக்கு வருகிறது. அமெரிக்காவில் ஒரு குழுவினரின் மேல் அழுத்தத்தை 120க்கும், மற்றொரு குழுவினரின் அழுத்தத்தை 140க்கும் கீழாக வைக்க முயன்றனர். முதற்குழுவினரிடம் வெண்பொருள் திட்டுகள் குறைவாகவே பெருகின என 2019இல் அறிவிக்கப்பட்டது. மறதிநோய் குறைந்தது என்பதை மட்டும் அவ்வாய்வால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

அறுந்த எலாஸ்டினை மீண்டும் நெய்யும் மருந்து இன்று இல்லை. இறுக்கத்தின் அறிகுறியோ எளிய அழுத்தமானியிலேயே தென்படும். தமனி இறுக இறுக மேல் எண் உயரும். கீழ் எண் தாழும். முதியவர் ஒருவருக்கு 160, 70 எனக் காட்டினால், கீழ் எண்ணைக் கண்டு வீட்டார் ஆறுதல் கொள்வதுண்டு. மருத்துவர் நோக்குவதோ இரண்டுக்கும் இடைப்பட்ட 90ஐ.