அன்பு மட்டும் போதும் என்று சொல்லாதீர்கள்

நம்பிக்கை: கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் பட்டப்படிப்பு எதற்கு? அன்பும் பொறுமையும் இருந்தால் போதும்.

உண்மை: போதாது. சிறப்புக் கல்வியில் பி.எட்., எம்.எட். சேரும் இளைஞர்களிடம் சொந்தக்காரர்கள் முதல் பள்ளித் தாளாளர்கள் வரை இதையேதான் சொல்கிறார்கள். "புண்ணியமான வேலை" என்று புகழ்ந்துவிட்டு, "அதற்கு இத்தனை வருஷப் படிப்பா?" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டால் போதும் என்ற முடிவு அந்தப் புகழ்ச்சிக்குள் இருக்கிறது. அது அநியாயம்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைப் படுக்கவைத்து, தலை பின்னால் சாய்ந்திருக்க, அன்போடுதான் கஞ்சி ஊட்டுகிறார்கள். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு அந்தக் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். நிமோனியா திரும்பத் திரும்ப வர அது காரணமாகலாம். உடம்பை எப்படி நிமிர்த்துவது, தலையையும் தாடையையும் எப்படித் தாங்குவது என்பதைப் பயின்றுதான் ஆக வேண்டும்.

பேச்சு வராத பிள்ளை திடீரெனத் தலையைச் சுவரில் மோதினால் 'அடம்' என்று முத்திரை குத்துகிறோம். பயிற்சி பெற்ற ஆசிரியர் காதுவலியா, பல்வலியா, மலச்சிக்கலா என்று முதலில் மருத்துவரிடம் பார்க்கச் சொல்வார். மோதுவதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று நாள்தோறும் குறித்துவைப்பார். பிள்ளை எதைக் கேட்கிறது என்பது அந்தக் குறிப்பில் பிடிபடும். அதையே வலியில்லாமல் கேட்க வேறு வழி கற்றுத்தருவார்.

சட்டை போடப் பழக்குவதும் அப்படித்தான். வேலையைச் சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும். எந்தப் படியில் கையைப் பிடிப்பது, எதில் விரலால் காட்டுவது, எப்போது கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பது என்று தெரிய வேண்டும். பாசத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் பிள்ளை வளர்ந்த பிறகும் நம் கைக்காகவே காத்து நிற்கும்.

இதற்கெல்லாம் பதிலாக, பார்வையும் செவித்திறனும் இல்லாத ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சல்லிவனைக் காட்டுவார்கள்: "அவர் அன்பால்தானே சாதித்தார்?" அவர் வரலாற்றைப் படியுங்கள். பாஸ்டன் நகரின் பெர்கின்ஸ் பள்ளியில் படித்து 1886இல் வெளிவந்தவர் அவர். கண்ணும் காதும் இயங்காத லாரா பிரிட்ஜ்மனோடு பேசுவதற்காக விரலெழுத்தை அங்கேயே கற்றார். லாராவுக்குக் கற்பித்த சாமுவேல் ஹௌவின் அறிக்கைகளை மாதக்கணக்கில் படித்த பிறகே, 1887 மார்ச்சில் ஹெலன் வீட்டுக்குப் போனார். அன்பு இருந்தது, பயிற்சியும் இருந்தது.

நம்பிக்கை: யார் வேண்டுமானாலும் சிறப்பாசிரியர் ஆகலாம்.

உண்மை: முடியாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும்.

நம்பிக்கை: ஒரு சிறப்புக் கல்விப் பட்டம் எல்லாக் குறைபாட்டுக்கும் செல்லும்.

உண்மை: பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு என்று பிரிவுகள் தனித்தனி. பிரெயில் கற்றவருக்கு வலிப்பும் கைகால் இறுக்கமும் உள்ள பிள்ளையைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும்.

நம்பிக்கை: கடுமையான குறைபாடு என்றால் வீட்டுக் கல்விதான்.

உண்மை: கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் வீட்டுக் கல்வியை ஒரு தெரிவாகத்தான் தருகிறது. அதைக் காட்டிப் பள்ளிக் கதவைச் சாத்த எவருக்கும் உரிமையில்லை.

நம்பிக்கை: படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராது.

உண்மை: பேச்சுக்கு மாற்றான தொடர்பு முறைகளைப் பற்றி 2006இல் மில்லர், லைட், ஷ்லாசர் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், வலுவான சான்றுள்ள 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியது.

படப் பலகையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். தண்ணீர், வலி, போதும், கழிப்பறை, அம்மா என்று நாலைந்து படங்கள் ஒட்டிய ஒரு அட்டை. செலவு மிகக் குறைவு. ஆனாலும் பல வீடுகளில் அது இல்லை. பயிற்சிக் கல்லூரிகள் ஒரு விதி வைக்கட்டும்: பேச்சில்லாத ஒரு பிள்ளைக்காவது படப் பலகை செய்து, அதைப் பயன்படுத்தக் குடும்பத்துக்கும் பழக்கிய பிறகே பட்டம். அங்கன்வாடிகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் அந்தப் பலகை தொங்கட்டும்.

பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்கும் இடத்தில் ஆசிரியரின் மறுவாழ்வுக் குழுமப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எந்தப் பிரிவில் பயிற்சி என்று கேளுங்கள். பேசாத பிள்ளை தன் தேவையைச் சொல்ல அங்கே என்ன வழி என்று கேளுங்கள். "நாங்கள் அன்பாகப் பார்த்துக்கொள்வோம்" என்பது மட்டுமே பதிலானால் வேறு பள்ளி பாருங்கள்.