எஞ்சின் ஓடுகிறது, சில்லு சுழலவில்லை

மழை விழுந்து நிலம் பதப்பட்டிருக்கும் நாளிலேதான் லாண்ட்மாஸ்டர் பழுதாகும் என்று விவசாயிகள் சலித்துக்கொள்வதுண்டு. (முன்னர் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தின் பெயர் அது. இன்று சீன, யப்பானிய இருசில்லு இயந்திரங்களையும் நாம் அப்படியே அழைக்கிறோம்.) இடம்பெயர்ந்த காலத்தில் பிள்ளைகளையும் மூட்டைகளையும் ஏற்றி இழுத்த அதே இயந்திரந்தான் பலருக்கு இன்றும் வயலில் உழைக்கிறது. வயதான இயந்திரம், பழுது வரத்தான் செய்யும்.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்திற்கு, மீளக்குடியமர்ந்த முதற் போகத்தில் இப்படி நேர்ந்தது. அரை ஏக்கர் உழுதிருந்தார்கள். எஞ்சின் நன்றாக ஓடியது, இயந்திரம் நகரவில்லை. "கியர்பெட்டி போய்விட்டது" என்றார் திருத்த வந்தவர். தோடு அடகுக்குப் போனது. பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் பற்சக்கரங்கள் எல்லாம் நன்றாக இருந்தன. எஞ்சினைச் சட்டத்துடன் பிடித்திருக்கும் 4 நட்டுகளும் அதிர்வினால் தளர்ந்து, எஞ்சின் பின்னோக்கி வழுகி, பெல்ற் தொய்ந்து போயிருந்தது. அவ்வளவுதான்! அதற்குள் நிலத்தின் ஈரம் போய்விட்டது. ஆகவே, பெட்டியைத் திறக்குமுன் வெளியே பார்க்க வேண்டியவற்றை இங்கு தருகிறோம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இரண்டு சில்லுகளும் நின்றனவா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் இழுக்காமல் இயந்திரம் ஒரு பக்கமாகவே திரும்பினால், அந்தப் பக்கத்துத் திருப்புபிடியைப் பாருங்கள். அதன் கம்பி மிக இறுகி இருந்தால், பிடியை அழுத்தாமலே அந்தச் சில்லு விடுபட்டு நிற்கும். கம்பியைச் சற்றுத் தளர்த்தினால் போதும். அச்சு சுழன்று சில்லு சுழலாவிட்டால், சில்லை அச்சுடன் பிணைக்கும் ஆணி முறிந்திருக்கும்.

இரண்டும் நின்றிருந்தால் பின்வரும் சோதனையைச் செய்யுங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். ஓடும் பெல்ற்றுக்குக் கிட்டக் கையோ, சேலைத் தலைப்போ, சாரமோ போகக் கூடாது. விரல் இழந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். மூடியைக் கழற்றி, மிக வேகமான கியரில் போட்டு, கிளச்சைப் பிடிக்கவிட்டு, இருவர் இயந்திரத்தை மெதுவாகத் தள்ள, ஒருவர் எட்ட நின்று கியர்பெட்டிப் பக்கத்துக் கப்பியைப் பார்க்கட்டும். டீசல் எஞ்சினில் அமுக்கத்தை விடுவிக்கும் பிடி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டால் தள்ளுவது இலகு.

கப்பி சுழன்றால், அல்லது தள்ள முடியாதபடி எஞ்சின் எதிர்த்தால், சில்லிலிருந்து கப்பிவரை பெரும்பாலும் எல்லாம் சரி. பெட்டியைத் திறக்க வேண்டாம். குறை பெல்ற்றிலேதான். நடுவில் கையால் அழுத்தினால் சுமார் 2 செ.மீ. தாழ வேண்டும். கூடத் தாழ்ந்தால் 4 நட்டுகளையும் தளர்த்தி, எஞ்சினை முன்னே நகர்த்தி, நேராக வைத்து இறுக்குங்கள். சிறு கப்பியொன்று பெல்ற்றை அழுத்தியே கிளச்சாக வேலைசெய்யும் வகைகளில் அந்தக் கப்பியின் தண்டைத் திருத்த வேண்டும். பெல்ற் பிடிப்பது அதன் இரு பக்கங்களாலேயே. தேய்ந்து, குழியின் அடியில் குந்தியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். கருகிய இறப்பர் மணம் வரும். 3 பெல்ற் உள்ள இயந்திரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது வீண்செலவு. புதியது முழுப் பாரத்தையும் தாங்கி விரைவில் அறும்.

சில்லு உருண்டும் கப்பி அசையாவிட்டால், அடுத்தது கிளச். அதன் தண்டு கழன்றிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தகடுகளில் ஒயில் பட்டிருந்தால் அவை பிடிக்கா. பெற்றோலில் கழுவித் துடைத்துப் பூட்டலாம். நெருப்பு, பீடி கிட்ட வரக் கூடாது. ஆனால் அந்த ஒயில் பெரும்பாலும் கியர்பெட்டியின் பழுதான சீலினால் வந்தது. அதை மாற்றாமல் கழுவினால் சில நாட்களில் மீண்டும் அதே கதைதான்.

இவை எல்லாம் சரியென்றால் மட்டும் கியர்பெட்டி. அப்போதும் உடனே பிரிக்க வேண்டாம். அடி ஆணியைக் கழற்றிச் சிறிது ஒயிலை வெள்ளைத் துணியில் விடுங்கள். பால்போல் இருந்தால் சேற்று நீர் புகுந்திருக்கிறது. விரலில் மெல்லிய சாம்பல்போல் படிவது பழைய இயந்திரத்தில் வழமை. இரும்புத் துண்டுகள் வந்தால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். அப்போது திருத்துபவரின் அருகிலேயே இருங்கள். கழற்றும் ஒவ்வொரு வளையத்தையும் கழற்றிய ஒழுங்கில் சுத்தமான சாக்கில் அடுக்குங்கள். சீல் வாங்கப் போகும்போது பழையதைத் துடைத்துக் கையோடு கொண்டு போங்கள். அளவைச் சொல்லி வாங்கி, இரண்டாந்தரம் பஸ் ஏறியவர்கள் பலர்.