டாக்டர் கொடுத்ததுதானே!

மாத்திரையால் ஒருவருடைய குணம் மாறுமா என்று என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்று டாக்டர் சொன்னதும், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோய் நிற்கும் பெற்றோர் ஒரு வகை. அவர்களுக்குப் பெரும்பாலும் தைரியம் சொல்லித்தான் அனுப்புவேன். இன்னொரு வகை, வளர்ந்த ஆளின் மனைவியோ அம்மாவோ அண்ணனோ. கவுன்டரில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நியூ ஜெர்சியில் மருந்தாளுநராக இருக்கும் நான், தம்பியின் புண்ணியத்தில் இந்த இரண்டாவது வகையிலும் சேர்ந்தேன். அவனுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். படித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கடுமையா எழுதுக்கா" என்றான்.

அவன் சாப்பிட்டது ஆடரால். ஆம்ஃபெட்டமைன் உப்புகளின் கலவை. இந்தக் குடும்பத்து மருந்துகளின் கதை கொஞ்சம் விசித்திரமானது. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், தலைவலிக்கு உதவுமா என்று சில குழந்தைகளுக்கு பென்சிட்ரின் என்ற ஆம்ஃபெட்டமைன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலிக்குப் பெரிதாக உதவவில்லை. பிள்ளைகள் பாடத்தில் கவனமாக உட்கார ஆரம்பித்தார்கள். பிறகு இதே வகை மருந்து 'ஓபிட்ரால்' என்ற பெயரில் உடம்பு இளைக்க விற்கப்பட்டது. அதன் கலவையை மாற்றித்தான் 1996இல் ஆடரால் வந்தது. 1971இலிருந்தே ஆம்ஃபெட்டமைனும், ரிட்டாலின் என்று நாம் அறிந்த மெதில்ஃபெனிடேட்டும் அமெரிக்கச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவப் பயன் உண்டு, அடிமைப்படுத்தும் ஆபத்தும் அதிகம் என்று பொருள். ரீஃபில் கிடையாது, ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும்.

மருந்தைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. உண்மையாகவே ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு, சரியான அளவில், கண்காணிப்போடு கொடுத்தால் வாழ்க்கையே நிமிர்ந்துவிடும்; கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரை வைத்து ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு 2024இல் வந்தது. ஏ.டி.எச்.டி.க்கு மருந்து எடுக்கத் தொடங்கியவர்களிடையே, தொடங்காதவர்களைவிட மரணங்கள் குறைவு. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையின் மாத்திரையைக் குப்பையில் போட வேண்டாம்.

தம்பியின் விஷயம் வேறு. 2021. வீட்டிலிருந்து வேலை; பகலில் இங்குள்ள டீம், ராத்திரியில் பெங்களூரு டீம். கவனம் நிற்கவில்லை என்று ஒரு செயலி வழியாக வீடியோவில் டாக்டரைப் பார்த்தான். கொரோனாவுக்காக, நேரில் பார்க்காமலே இத்தகைய மருந்துகளை எழுதலாம் என்று 2020இல் விதியைத் தளர்த்தியிருந்தார்கள். அந்தக் கதவு வழியாக நல்ல டாக்டர்களும் வந்தார்கள், மாத்திரை வியாபாரிகளும் வந்தார்கள். இப்படிச் செயல்பட்டதாக ஒரு நிறுவனத்தின் நிறுவனரை 2024 ஜூனில் கைதுகூடச் செய்தார்கள். தம்பி போனது அங்கே இல்லை. ஆனால் லட்சணம் ஒன்றுதான். அரை மணிக்குள் நோய்ப் பெயர், சீட்டு எல்லாம் கைக்கு வந்துவிட்டது.

முதல் சில மாதம் எல்லோருக்கும் சந்தோஷம். பதவி உயர்வு வந்தது. உடம்பு இளைத்தது. வீடு துடைத்துவைத்ததுபோல இருந்தது.

மாற்றத்தை முதலில் சொன்னது கும்பகோணத்தில் இருக்கும் அம்மா. "ஏண்டி, அவன் யாரோ ஆபீஸ்காரன் மாதிரி பேசறானே? கிண்டல் ஒண்ணும் காணுமே" என்றாள். மருந்தைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாததால்தான் சரியாகக் கண்டுபிடித்தாள் என்று இப்போது தோன்றுகிறது. நாங்கள் எல்லோரும் அவனுடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்; அவள் அவனுடைய சிரிப்பைத் தேடியிருக்கிறாள்.

அதற்கப்புறம் கவனித்தால் எல்லாமே தெரிந்தது. சாப்பாட்டுப் பிரியன், மதியம் முழுக்கப் பச்சைத் தண்ணீர். அரட்டைக்காரன், இப்போது இடைவிடாமல் பேசினான். ஆனால் எதிராளி பேசுவது அவன் காதில் விழவில்லை. என் பெண் ஜோக் சொன்னால், அதிலுள்ள இலக்கணப் பிழையைத் திருத்தினான். பழைய ஃபோட்டோக்களை ஆண்டுவாரியாக, ஊர்வாரியாக விடிய விடிய அடுக்கினான். காபி மெஷினைப் பிரித்துப்போட்டு, அதன் திருகாணிகளை அளவுப்படி வரிசையாக வைத்திருந்தான். மெஷின் மறுபடி சேரவில்லை. இப்படிப் பொருளற்ற ஒரே வேலையில் மூழ்குவதை ரைலாண்டர் என்ற ஸ்வீடன் மருத்துவர் ஆம்ஃபெட்டமைன் அடிமைகளிடம் பார்த்து 1972லேயே எழுதிவைத்திருக்கிறார். 'பண்டிங்' என்பார்கள். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது சுறுசுறுப்பாகத் தெரியும் என்பதுதான் சிக்கல்.

ஏன் இப்படி? மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் இரண்டையும் இந்த மருந்து கூட்டுகிறது. 'இது முக்கியம், இதை விடாதே' என்று சொல்வதில் டோபமைனுக்குப் பெரிய பங்கு உண்டு. அளவு மீறும்போது கையில் எது இருக்கிறதோ அதுவே முக்கியமாகிவிடுகிறது. எக்செல் தாளும் முக்கியம், திருகாணியும் முக்கியம். எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவி முக்கியமில்லாமல் போகிறாள். சாயங்காலம் மருந்து இறங்கும்போது எரிச்சல், அழுகை, வெறுமை. பகலில் கிடைத்த விழிப்பு முழுக்கக் கந்துவட்டிக் கடன். ஐந்து, ஆறு மணிக்கு வட்டிக்காரன் வாசலில் நிற்பான். அந்த நேரத்தில்தான் அவர்கள் வீட்டில் சண்டை. "அண்ணி, ஆறு மணி ஆனா பயமா இருக்கு" என்று அவன் மனைவி என்னிடம் சொன்னாள். கணவன் அவளை அடித்ததில்லை; திட்டியதுகூட அதிகமில்லை. அவனை அடையாளம் தெரியவில்லை என்பதுதான் அவளுடைய பயம்.

அவனிடம் கேட்டால் ஒரே பதில்: "டாக்டர் கொடுத்ததுதானே." தெருவில் வாங்கியிருந்தால் அவனே வெட்கப்பட்டிருப்பான். சீட்டும் இன்சூரன்ஸும் இருக்கும்போது வெட்கத்துக்கு இடமில்லை. இன்னொரு ஆயுதமும் வைத்திருந்தான்: கணித மேதை பால் எர்டோஷ். ஆம்ஃபெட்டமைன் சாப்பிட்டுக்கொண்டே ஆயிரக்கணக்கில் கணக்குப் போட்டவர். 1975இல் மதராசுக்கு வந்து, அப்போது மாணவராக இருந்த கிருஷ்ணசாமி அல்லாடியைச் சந்தித்தவர் என்பதால் நம்மவர்களிடையே அவருக்கு ஒரு தனி மரியாதையும் உண்டு. ஒரு மாதம் மாத்திரையை நிறுத்து பார்க்கலாம் என்று நண்பர் ரான் கிரஹாம் 500 டாலர் பந்தயம் கட்டினார். எர்டோஷ் ஜெயித்தார்; கணிதத்துறையை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளிவிட்டாய் என்று குறைப்பட்டுக்கொண்டு, திரும்பவும் மாத்திரையைத் தொட்டார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அவர் மாத்திரையைத் தொடங்கியது 1971இல், அம்மா இறந்த துயரத்துக்குப் பிறகு. உலகமே அவரைக் கொண்டாடிய கணக்குகளில் பல, அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே போட்டு முடித்தவை.

'புத்தி கூடுகிறது' என்ற நம்பிக்கையும் அப்படித்தான். ஏ.டி.எச்.டி. இல்லாதவர்களுக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்து மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. மாத்திரை போட்டவர்கள் அதிக நேரம், அதிக முயற்சி செலவழித்தார்கள். முயற்சியின் தரம் குறைந்தது. தம்பியின் ஃபோட்டோ அடுக்கல்தான் நினைவுக்கு வந்தது.

இனி அடிமையாகிற பகுதி. அதில் நாடகம் ஒன்றும் இல்லை. 10 மில்லிகிராம் பழகிப்போயிற்று, 20 ஆயிற்று, 30 ஆயிற்று, பிறகு அதுவே இரண்டு வேளை. தூக்கம் வராமல் ராத்திரி விஸ்கி. மாதச் சரக்கு மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்தது. 'பாட்டிலைத் தொலைத்துவிட்டேன்' என்று டாக்டரிடம் ஒரு பொய், பிறகு ஆபீஸ் நண்பனிடம் கைமாற்று. கடைசியில், மேனேஜர் தன் லேப்டாப் கேமரா வழியாகப் பார்க்கிறார் என்று டேப் ஒட்டினான். இந்த மருந்துகளைத் தொடங்கும் இளைஞர்களில் சுமார் 660 பேருக்கு ஒருவருக்குப் புதிதாக மனப்பிறழ்வு வருகிறது என்று 2019இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. ரிட்டாலின் வகையைவிட ஆம்ஃபெட்டமைன் வகையில் அது அதிகம். கவுன்டரில் படித்த எண். வீட்டில் பார்க்கும்போது எண்ணாக இல்லை.

நிறுத்தியது அவன் மட்டும் அல்ல. போதை அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை தரும் ஒரு மனநல மருத்துவர், அவன் மனைவி, கொஞ்சம் நானும். எங்களுக்குப் பலித்தவற்றைச் சொல்கிறேன்.

மாத்திரையை எண்ணிக்கொண்டு பின்னாலேயே அலையாதீர்கள். பொய் சொல்லும் திறமைதான் வளரும். குணத்தில் கண்ட மாற்றத்தைச் சொல்லுங்கள். 'நீ அடிமை' என்றால் வாதம் வரும். 'உன் கிண்டலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு' என்றால் வாதத்துக்கு வழியில்லை. அம்மா அதைத்தான் ஃபோனில் சொன்னாள். அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க ஒப்புக்கொண்டான். பேசுவதைக் காலையில் பேசுங்கள், மருந்து இறங்கும் மாலையில் வேண்டாம்.

டாக்டரிடம் நீங்களே பேசலாம். அமெரிக்காவின் அந்தரங்கச் சட்டம், நோயாளியின் விஷயத்தை அவர் அனுமதியில்லாமல் உங்களிடம் சொல்ல டாக்டரைத் தடுக்கலாம். நீங்கள் சொல்வதை அவர் கேட்டுக்கொள்வதைத் தடுப்பதில்லை. இது தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் வாய்மூடி இருக்கின்றன.

ஒரே நாளில் பறித்துக் கொட்டவும் வேண்டாம். திடீரென்று நின்றால் பேய்த்தூக்கம், அகோரப் பசி, பிறகு எதிலுமே பிடிப்பில்லாத மனச்சோர்வு. தற்கொலை எண்ணம்கூட வரலாம். அந்த வாரங்களில் அவனைத் தனியாக விடவில்லை. ஆம்ஃபெட்டமைன் போன்ற ஊக்கி மருந்துகளின் அடிமைத்தனத்துக்கென்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புக்கொண்ட மாற்று மருந்து எதுவும் இல்லை. மனநலச் சிகிச்சையும், போதையில்லாத ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு வெகுமதி தரும் முறையும்தான் நன்றாகப் பலனளிப்பவை.

புதிதாகச் சீட்டு வாங்குகிறவர்களுக்கு: ஏ.டி.எச்.டி. என்றால் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்காத டாக்டரை நம்பாதீர்கள். தம்பி பார்த்த இரண்டாவது டாக்டர் அம்மாவையே ஃபோனில் அழைத்து, சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று கேட்டார். "கோயில்ல மணிக்கணக்கா உக்காந்து நாகஸ்வரம் கேப்பான்" என்றாள். அவனுடைய நோய் தூக்கமின்மை. ராத்திரி டீமை வேறொருவர் ஏற்றதும் பாதி சரியானது. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், குடும்பத்தில் மனநோய் உண்டா என்பதையும் டாக்டர் கேட்க வேண்டும். அடிமைப்படுத்தாத அட்டோமாக்ஸிட்டின் போன்ற மருந்துகளும் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நண்பனுக்கு ஒரே ஒரு மாத்திரை கொடுப்பதும் இங்கே குற்றம்; போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றால் நாட்டைவிட்டே அனுப்பலாம். ஆன்லைனில் வாங்குவதோ அதைவிட மோசம். ஆடரால் போலவே அச்சடித்த போலி மாத்திரைகளில் மெத்தாம்ஃபெட்டமைனும் ஃபென்டனிலும் பிடிபட்டிருக்கின்றன. ஊருக்குப் போகும்போது, ஆம்ஃபெட்டமைன் இந்தியாவில் என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வரும் பொருள் என்பதை மறக்க வேண்டாம். இந்தியத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்காமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் உடனடி மனநெருக்கடிக்கு 988, போதைச் சிகிச்சை பற்றிக் கேட்க 1-800-662-4357. இந்தியாவில் மனநல உதவிக்கு டெலிமனாஸ் 14416, போதை மீட்புக்கு 14446. மாத்திரை சாப்பிடுகிறவர் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டு மனிதர்களும் இந்த எண்களை அழைக்கலாம்.