ரோட்டரி கார் வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு

சிட்னியில் என் பட்டறைக்கு வருகிற பிள்ளைகள் பலர், மலிவாக வந்த பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 படத்தைக் காட்டி, "வாங்கிச் சரிபண்ணி ஓட்டலாமா, அங்கிள்?" என்று கேட்கிறார்கள். ஓட்டலாம். 9000 சுற்று வரை நடுக்கமில்லாமல் ஏறும் அந்த இன்ஜினை நானும் மனதார நேசிக்கிறேன். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

1. இந்த ரோட்டரி இன்ஜினில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. முக்கோண ரோட்டர்கள் இரண்டு. ஒவ்வொரு முனையிலும் ஒரு அபெக்ஸ் சீல், மொத்தம் ஆறு. கம்ப்ரஷனைப் பிடித்து வைப்பதில் முதல் வேலை அவற்றுடையது. அவை தேய்ந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டும்.

2. பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட் வாசனையும் அடித்தால் உள்ளே கூலன்ட் சீல் போயிருக்கலாம். பிறகு இருபது நிமிடம் ஓட்டி, ஆஃப் செய்து, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி சாவியைத் திருப்புங்கள். கம்ப்ரஷன் குறைந்த இன்ஜின் சூட்டில் மறுபடி பிடிக்காது. சோதனையே அங்கேதான்.

ஒரு பையனோடு நானும் வண்டி பார்க்கப் போனேன். நாங்கள் போய்ச் சேரும்போதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "ஆஃப் பண்ண வேண்டாம், அப்படியே ஓட்டிப் பாருங்கள்" என்றார் விற்றவர். பெட்ரோல் பங்கில் நிறுத்தி நான் ஆஃப் செய்தேன். பிறகு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றேன், சிவப்பு நிறத்தில் மனதை விட்டுவிட்ட பையன் வாங்கிவிட்டான். இரண்டு மாதத்தில் அந்த இன்ஜின் என் மேசைமேல் கிடந்தது. ஹவுசிங் ஓரத்தில் குரோம் பூச்சு செதில் செதிலாக உரிந்து, விரல் வைத்தால் கீறியது. அன்று அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

3. கம்ப்ரஷன் எண் கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சாதாரண கேஜ், ஒரு ரோட்டரின் மூன்று பக்கத்தில் அதிகமானதை மட்டுமே காட்டும். நொண்டிப் பக்கம் ஒளிந்துகொள்ளும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் ஆறு பக்கத்தையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். 250 சுற்றுக்குத் திருத்திய கணக்கில் 680 கிலோபாஸ்கல் குறைந்தபட்சம். நல்ல இன்ஜின் 830-ஐ ஒட்டி இருக்கும். ஒரே ரோட்டரின் பக்கங்களுக்குள் வித்தியாசம் 150-ஐத் தாண்டக்கூடாது. சுற்றைக் குறிக்காத சீட்டை நம்பாதீர்கள்: ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றினால் எண்ணும் ஏறிவிடும்.

4. இக்னிஷன் காயில் நான்கு. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். காயில் தளர்ந்தால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அது உருகி அடைத்துக்கொண்டால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்ஜினைத் தின்னும். வாங்கியதும் முதல் வேலை காயிலும் பிளக்கும்தான். லீடிங் பிளக் வேறு, டிரெய்லிங் பிளக் வேறு. இடம் மாற்றிப் போடாதீர்கள்.

5. சீலுக்கு மசகாக, ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எரிக்கும்படியே இந்த இன்ஜினை அமைத்திருக்கிறார்கள். "ஒரு சொட்டு ஆயில் குடிக்காது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், ஆயில் போகும் வழி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

6. வண்டியைப் பத்தடி நகர்த்த ஸ்டார்ட் செய்து உடனே ஆஃப் செய்யாதீர்கள். பெட்ரோல் தேங்கி, ஆயில் படலத்தைக் கழுவிவிடும். அப்படி ஆகிவிட்டால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பெட்ரோல் நின்று உள்ளே காயும்.

7. 2009 மாடலிலிருந்து ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்றாவது ஆயில் நாசில் உண்டு. அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

8. இரட்டை டர்போ வைத்த கடைசித் தலைமுறை ஆர்எக்ஸ்-7 முதல் வண்டியாக வேண்டாம். அதன் வேக்குவம் குழாய்க் காட்டுக்குள் நுழையக் கை பழக வேண்டும்.

9. இன்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவு வண்டி விலையையே தாண்டலாம். அந்தக் காசைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு விலை பேசுங்கள். பின்சக்கர வளைவிலும் கதவுக்கடியிலும் துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஆறு எண்ணும் எழுதிய சீட்டோடு என் பட்டறைக்கு வாருங்கள். உட்கார்ந்து ஒன்றாகப் பார்ப்போம்.